தாய்மாமன் முகத்தைத் தொலைத்த கதை

எனக்கு ஒரு குறை உண்டு. எந்தக் குறிப்பையும் கடைசிவரை படிக்க மாட்டேன். மிக்ஸி வாங்கினால் கூட வரும் சின்னப் புத்தகத்தை மடித்து, ஆடுகிற ஜன்னலுக்கு முட்டுக் கொடுப்பேன். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வேன். (அப்படி நிறுத்தியதில் ஒருமுறை போடிக்குப் போக வேண்டியவன், தேனியில் அதே பெயருள்ள மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளையை வாழ்த்திவிட்டு வந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது.) இந்தக் குணத்தோடு ஒரு மனிதன் எந்தத் தொழிலுக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். நான் கம்ப்யூட்டர் தொழிலுக்கு வந்தேன்.

தேனியில் எனக்குச் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை. வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் சின்னமனூரில் பிளெக்ஸ் கடை நடத்தும் செல்வக்கனி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளைய பெண். கம்பம் பள்ளத்தாக்கின் பாதி முகங்கள் அவரிடம் இருந்தன. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று வருஷக்கணக்காக அடித்துத் தள்ளியதில் சேர்ந்த முகங்கள், ஒவ்வொன்றும் கழுத்தோடு அழகாக வெட்டி எடுக்கப்பட்டவை. வருகிறவர்கள் போட்டோ கொண்டுவருவதே இல்லை.

"ஏத்தா, எங்க சின்ன மச்சான் இருப்பாருல்ல, போன வருசம் கோம்பைக் கல்யாணத்துக்கு அடிச்சியே, கண்ணாடி போட்டவரு இல்ல, மீச வச்சவரு" என்பார்கள். செல்வக்கனி இரண்டு எழுத்துத் தட்டுவார், மீசை வந்து நிற்கும்.

அந்தத் தேடும் வசதியைச் செய்துகொடுத்தவன் நான்தான். அதைக் கன்டெய்னரில் வைத்திருந்தேன். கன்டெய்னர் என்றால் துறைமுகத்து இரும்புப் பெட்டி இல்லை. சமையல் காண்ட்ராக்ட்காரர் அடுப்பு, அண்டா, கரண்டி சகிதம் வந்து, உங்கள் வீட்டுச் சாமான் எதையும் தொடாமல் கொல்லையில் சமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார் அல்லவா, அதுபோல ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னோடே கட்டிக்கொண்டு வரும் ஏற்பாடு. அந்தக் கட்டின் மூலப் பிரதிக்கு இமேஜ் என்று பெயர். (கடையில் இருக்கும் போட்டோக்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைச் செல்வக்கனிக்கு விளக்கப்போய் ஒரு காபி ஆறியதுதான் மிச்சம்.)

சேர்க்கிற படங்களைப் பெட்டிக்கு வெளியே தனியாக வைத்துப் பெட்டிக்கு வழி மட்டும் காட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நான் அத்தனை முகங்களையும் பெட்டிக்குள்ளேயே போட்டிருந்தேன். சமையல்காரரின் அண்டாவுக்குள் பெண்ணின் நகையைப் பத்திரமாக வைத்த மாதிரி. இந்த எச்சரிக்கையும் ஏதோ ஒரு குறிப்பின் கடைசிப் பத்தியில்தான் இருந்ததாம்.

இப்படி எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு ஒன்று வந்தது. இமேஜ்களைச் சேமித்து வைக்கும் முறையையே அதில் மாற்றியிருந்தார்கள். மாற்று என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு வீடியோவில் என் மகன் வயதுள்ள பையன், "இன்னுமா பழைய முறையில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்த பரிதாபத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சின்னமனூருக்குக் கிளம்பிவிட்டேன்.

செல்வக்கனி இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, ஊதுபத்தி கொளுத்தி முடித்திருந்தார்.

"அண்ணே, பத்தரைக்கு ராகு காலம் வந்திரும். புதுசா என்ன ஏத்துறதா இருந்தாலும் அதுக்குள்ள ஏத்திருங்க. இல்லன்னா மத்தியானத்துக்கு மேல பாப்போம். ஆனா மத்தியானம் காதுகுத்து பிளெக்ஸ் அடிச்சாகணும்."

"செட்டிங்ஸ்ல ஒரு வரி மாத்தணும்மா. அஞ்சு நிமிச வேலை."

"அப்ப சரி."

முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். அதை எடுத்தால் ராகு காலம் வந்துவிடும். திரையில் திறந்து வைத்திருந்த ஆங்கிலக் குறிப்பைக் கடைசிவரை படித்திருக்க வேண்டும். அதைப் படித்தாலும் ராகு காலம் வந்துவிடும். எனக்கு ராகு காலத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும், வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரு காரணம் கிடைத்தால் அதை நம்பிவிடுவது என் வழக்கம். வரியை மாற்றினேன். மறுபடி துவக்கினேன். நல்ல நேரம் முடிய இன்னும் நேரம் மிச்சமிருந்தது. பெருமையாக நாற்காலியைச் செல்வக்கனி பக்கம் திருப்பினேன்.

அவர் ஒரு பெயரைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு பெயர். அதுவும் இல்லை. நான் அவரை விலக்கிவிட்டு உட்கார்ந்து, ஓடுகிற கன்டெய்னர்களின் பட்டியலைக் கேட்டேன். தலைப்பு மட்டும் வந்தது, கீழே வெறுமை. இமேஜ்களைக் கேட்டேன். அங்கேயும் அதேதான்.

"என்னண்ணே இது, திருவிழா முடிஞ்ச மறுநா வீரபாண்டிக் கோயில் மாதிரி இருக்கு?" என்றார் செல்வக்கனி.

"லோடு ஆகிட்டிருக்கும்மா." (எங்கள் தொழிலில் இதற்கு 'தெரியவில்லை' என்று பொருள்.)

அந்த நேரம் பார்த்து முத்துலட்சுமி வந்தார். மார்க்கையன்கோட்டைக்காரர். ரொம்ப வருஷம் காத்திருந்து பிறந்த மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டிக் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்துகிறார்கள். அதற்கான பிளெக்ஸைத்தான் மத்தியானம் அடிக்க வேண்டும்.

"எந்தம்பி மூஞ்சி நடுவுல வந்திருச்சா?" என்றார், உட்காருவதற்கு முன்பே.

இந்தத் தம்பி கதையைச் சொல்லியாக வேண்டும். தம்பி பெயர் ராமர். கோம்பையில் விவசாயம். நாலு வருஷத்துக்கு முன்னால் முத்துலட்சுமி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வேறொரு ஊரில் பிளெக்ஸ் அடித்தார்கள். அதில் தாய்மாமன் ஆகப்போகிறவனின் முகம் ஓரத்தில், தபால்தலை அளவுக்கு இருந்தது. கட்டுகிறவர்கள் கயிறு கோக்கும் ஓட்டையைச் சரியாக அவன் கண் மேல் அடித்து, அதில் கயிற்றை விட்டு இழுத்துக் கட்டிவிட்டார்கள். சீரோடு வந்து இறங்கிய ராமர், ஊரே பார்க்கத் தன் கண்ணில் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்தார். சாப்பிடாமல் திரும்பிப் போனவர்தான். அக்காவும் போன் போடவில்லை, தம்பியும் போடவில்லை.

இப்போது பிள்ளைக்கு மொட்டை அடிக்க, காது குத்த, தாய்மாமன் மடி வேண்டும். முத்துலட்சுமியின் வீட்டுக்காரர் கோம்பைக்குப் போய்ப் பத்திரிகை வைத்தார். ராமர் வாங்கிக்கொண்டு, "பாப்போம்" என்றாராம். அவ்வளவுதான்.

"எனக்கு அவங்கிட்டப் போய்க் கெஞ்ச வராதுண்ணே" என்றார் முத்துலட்சுமி என்னிடம். "நாளைக்குச் சாயங்காலம் கோம்பை ரோடு பிரியிற விலக்குல இந்த பிளெக்ஸக் கட்டிப்புட்டா, ஊர்க்காரக பாத்து அவன்ட்ட சொல்லுவாக. நடுவுல பெருசா அவன் மூஞ்சி. எங்க வீட்டுக்காரரு மூஞ்சி எம்புட்டுச் சின்னதா இருந்தாலும் பரவால்ல. அதப் பாத்தும் அவன் வரலன்னா, எம்பிள்ள யாரு மடியில உக்காரும்?"

சொல்லி முடித்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

செல்வக்கனி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். திரை யாரையும் பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னோம். முத்துலட்சுமி கத்தவில்லை, அதுதான் கொடுமை. "நீங்க என்ன வேணும்னா செஞ்சீக" என்றார். மற்ற சொந்தக்காரர்கள் முகம் ஒரு பிரச்சினையே இல்லை. செய்தி போன கொஞ்ச நேரத்தில் செல்வக்கனியின் போனில் மாமன்களும் மச்சான்களும் கூலிங் கிளாஸ் சகிதம் வந்து குவிந்தார்கள். ராமர் முகம் மட்டும் எங்கேயும் இல்லை. வீட்டு ஆல்பம் மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. பழைய போன் போன இடம் தெரியாது. ராமரின் வாட்ஸ்அப் படத்தைத் திறந்தால் ஒரு நாய் எங்களை முறைத்தது. கோம்பையில் வேறு யாரிடமாவது கேட்டால், கேட்டவன் போனை வைப்பதற்குள் ராமருக்குத் தெரிந்துவிடும். "எம் மூஞ்சிகூட எங்கக்காட்ட இல்லையாக்கும்" என்று ஆரம்பித்தால் அடுத்த நாலு வருஷம்.

"நான் போய் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"எப்பிடி? தூங்கும்போதா?" என்றார் செல்வக்கனி.

மறுநாள் காலையில் பைக்கில் கோம்பைக்குப் போனேன். ராமர் வீட்டில் அந்த ஊருக்கே பேர்பெற்ற காவல் ஜாதியான கோம்பை நாய் வளர்க்கிறார், குட்டி போட்டால் கொடுப்பார் என்று முத்துலட்சுமி சொல்லியிருந்தார். நாய் வாங்க வந்தவன் மாதிரி நடித்து, நாயோடு சேர்த்து ஆளையும் எடுத்துவிடுவது என் திட்டம். வாழ்க்கையில் நான் வளர்த்தது ஒரு மணி பிளான்ட். அதுவும் பட்டுவிட்டது.

ராமர் தோட்டத்து வாசலில் நின்றார். ஒல்லியான, முறுக்கான ஆள். பக்கத்தில் செம்மண் நிறத்தில் அந்த நாய். கறுத்த மூஞ்சி. என்னை அது ஏற்கெனவே ஒரு முடிவோடு பார்த்தது.

"எங்கன இருந்து வர்றீக?"

"தேனி. நாய் ஒண்ணு வாங்கலாம்னு..."

"தோட்டமா?"

"இல்ல, வீடு. மாடியில வாடகைக்கு இருக்கோம்."

"மாடியில கோம்பை நாயா? அது என்ன பூனையாண்ணே, பால்கனியில உக்காந்து வேடிக்க பாக்க?"

"சொந்தமா இடம் பாத்துக்கிட்டிருக்கோம்" என்று சமாளித்துப் போனை எடுத்தேன். "வீட்டுல காட்டணும். நாயோட நீங்களும் நில்லுங்க, அப்பத்தான் உயரம் தெரியும்."

அவர் நாயைப் பிடித்துக் குனிந்தார். படத்தில் துண்டு வந்தது. இன்னொன்று எடுத்தேன். பின்னந்தலை வந்தது. அடுத்ததில் காது.

"நிமிந்து பாருங்களேன். லேசாச் சிரிங்க."

ராமர் நிமிர்ந்தார். "நாய் வாங்குறதுக்கு நான் எதுக்குய்யா சிரிக்கணும்?"

கிட்டப் போனால் முகம் சரியாக விழும் என்று இரண்டடி முன்னால் வைத்தேன். அந்த முடிவில் நாய்க்கு உடன்பாடில்லை. அது குரைக்கவில்லை, உறுமவில்லை, நேராக வந்து என் பேண்டின் முழங்காலுக்குக் கீழே கவ்வியது. நான் பின்னால் சாய்ந்தேன், துணி முன்னால் போனது. வாழை மரத்தைக் கட்டிப்பிடிக்கப் போய் அதோடு சேர்ந்து வாய்க்காலில் உட்கார்ந்தேன். ஒரு கை போனை உயர்த்திப் பிடித்திருந்தது, கட்டைவிரல் பட்டனிலேயே அழுந்தியிருந்தது.

ராமர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாயை இழுத்துக் கட்டிவிட்டு வந்து கை கொடுத்துத் தூக்கினார். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் படவில்லை. "பேண்டோட போச்சு, விடுங்க" என்று உள்ளே போய்த் தன் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இளநீர் வெட்டித் தந்தார். இவ்வளவு நல்ல மனுஷனிடம் பொய் சொல்லிக்கொண்டு இளநீர் குடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஆனாலும் முழுசாகக் குடித்தேன்.

அடுத்தவர் வேட்டியில் சின்னமனூர் வந்து சேர்ந்தபோது முத்துலட்சுமியும் கடையில் இருந்தார். வேட்டியைப் பார்த்ததும் செல்வக்கனி எதுவும் கேட்கவில்லை. (நல்ல பெண்.) போனை அவரிடம் கொடுத்துவிட்டுப் பின் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நான் மாற்றிய வரியைப் பழையபடி ஆக்கி, கம்ப்யூட்டரை இருந்த மாதிரியே ஒப்படைத்துவிட்டு, இனிமேல் கீபோர்டு துடைக்கிற வேலையோடு நிறுத்திக்கொள்வது.

வரியைப் பழையபடி மாற்றினேன். மறுபடி துவக்கினேன். போகிற போக்கில் பட்டியலைக் கேட்டேன்.

எல்லாம் இருந்தன. அத்தனை கன்டெய்னரும், அத்தனை மாமனும் மச்சானும், கண்ணாடி போட்டவரும் மீசை வச்சவரும், ஒரு முடிகூடக் குறையாமல்.

அப்போதுதான் அந்தக் குறிப்பின் கடைசிப் பத்தியைப் படித்தேன். புதிய முறைக்கு மாறினால் பழைய இமேஜ்களும் கன்டெய்னர்களும் கண்ணுக்குத் தெரியாது, அழிந்துவிடாது, பழைய இடத்திலேயே இருக்கும், பழைய முறைக்குத் திரும்பினால் மறுபடி தெரியும் என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதியிருந்தார்கள். வீடு மாறியவன் பீரோவைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு, புது வீட்டின் நடுவில் நின்று "திருடு போச்சு" என்று கத்தியிருக்கிறேன். ஊருக்கே கேட்டிருக்கிறது, ஒரு நாய் கடிக்கவும் வந்திருக்கிறது.

"ஆத்தா கௌமாரி!" என்று செல்வக்கனி கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே ராமர் பெயரைத் தட்டினார். வந்துவிட்டார். யார் கல்யாணத்துக்கோ எடுத்தது. கறுகறுவென்ற முடி, இறுகிய வாய், கழுத்துவரை பட்டன். பக்கத்தில் என் போன் படத்தையும் திறந்து வைத்தார். அதில் அதே ஆள் வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே ஓரத்தில் நாய், வாயில் நீலத் துணி ஒன்றோடு.

முத்துலட்சுமி பழைய படத்தைப் பார்க்கவே இல்லை.

"இதென்ன, கிருதாவெல்லாம் வெள்ளையாப் போச்சு இவனுக்கு?" என்றார். விரலால் திரையைத் தொட்டார். "எலும்பாப் போயிட்டான். சாப்பிடுறானா இல்லையா?"

"அக்கா, பழசுதான் கிளியரா இருக்கு. அதையே வைப்போம்" என்றார் செல்வக்கனி.

"வேணாம். இதுல சிரிக்கிறான்ல."

"ஓரத்துல நாய் இருக்குக்கா. அத வெட்டிரட்டா?"

"இருக்கட்டும். அதுதான கூட இருந்து பாத்துக்கிருச்சு, நம்மளா பாத்துக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவன் சிரித்தது உங்களை நினைத்து இல்லை, நான் வாய்க்காலில் விழுந்ததைப் பார்த்து என்று சொல்ல வாயெடுத்தேன். முதல்முறையாக ஒரு விஷயத்தைச் செய்வதற்கு முன் யோசித்தேன். சொல்லவில்லை.

பிளெக்ஸ் அடித்து முடித்து ஓட்டை போடும்போது முத்துலட்சுமி பக்கத்திலேயே நின்றார். கயிறு எங்கே கோத்தாலும் சரி, தம்பி முகத்துக்கு முழம் தள்ளித்தான். சாயங்காலம் கோம்பை விலக்கில் கட்டினோம். நடுவில் ஆள் உயரத்துக்கு ராமர் சிரித்தார். முத்துலட்சுமியின் வீட்டுக்காரர் ஒரு மூலையில், பாஸ்போர்ட் அளவில், சந்தோஷமாகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ரோட்டில் போகிறவர்கள் பைக்கை நிறுத்திப் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டியில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் மேளம் இறங்கியது, பிறகு வாழைத்தார்கள், பிறகு தட்டுகள், பிறகு பட்டு வேட்டியில் ராமர். முத்துலட்சுமி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ராமர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை சும்மா இருந்த பிள்ளை, மொட்டை அடிக்கும்போதும் காது குத்தும்போதும் அவர் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு கோயிலே அதிர அழுதது. "ஏலே, மெதுவாக் குத்துங்கடா" என்று அவரும் கூடச் சேர்ந்து அழாத குறை.

அந்த பிளெக்ஸ் இப்போது ராமர் வீட்டு மாட்டுக் கொட்டத்துக்குக் கூரை. முகங்களைப் பெட்டிக்கு வெளியே தனியாக எடுத்து வைத்துவிட்டேன், நகலும் இருக்கிறது. பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்து, இமேஜ்களை ஒழுங்காக இறக்கி, புதிய முறைக்கும் மாறிவிட்டேன். ஆனால் இன்றைக்கும் நான் "அப்டேட்" என்று வாயெடுத்தால் போதும், என் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "பழைய பேண்டப் போட்டுக்கிட்டுப் போங்க." யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அந்த நாய் வாயிலிருந்த நீலத் துணி யாருடையது என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார். பதில் சொல்ல எங்கள் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள்.

காதுகுத்து அன்றைக்குப் பந்தியில் நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இலைக்கு முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்தேன். ராமர். கையில் பாயச வாளி. மடித்து வைத்த அவர் வேட்டி என் பக்கத்தில் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கரண்டி பாயசத்தை என் இலையில் ஊற்றிவிட்டுச் சொன்னார்:

"ஒங்களுக்கு நடிக்கவும் வரலண்ணே, நாய்கிட்ட நிக்கவும் வரல. கம்ப்யூட்டராச்சும் வருமான்னு இப்பத்தேன் எங்கக்காட்டக் கேட்டேன். அது வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது."